பதினான்காவது ஆள்

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் அப்படித்தான் என்று எழுத ஆசை, பொய் எழுதக் கை வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டர், பதறாதே. வலது கை எழவில்லை, பேச்சு குழறுகிறது, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன் பார். போனில் சொல்லலாமென்றால் மனுஷன் படுத்த படுக்கையிலும் கண்ணை உருட்டி மிரட்டுகிறார், அதனால் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், பக்கத்து வீட்டுத் தையல்காரர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார்.

செவ்வாய்க்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. நீ ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன மருத்துவ உதவி நம்பரைப் போடுங்கள் என்று கத்தினேன். இடது கையால் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். உயிர் போகிற அவசரமென்றால் ஒன்றை அழுத்துங்கள், மற்றவர்கள் காத்திருங்கள் என்றது ஒரு குரல். உன் அப்பா அழுத்தவில்லை! முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து, குறுக்கே புகுந்தவனையெல்லாம் கடைசிக்கு அனுப்பிய மகராசன் அல்லவா. வரிசையில நிக்கிற எல்லாருக்கும் அவசரம்தான், நாம குறுக்க போகக்கூடாது என்று குழறிக் குழறிச் சொன்னார். நீங்கள் பதினான்காவது ஆள் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள், அந்தப் பாட்டை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதினெட்டு நிமிஷம் கழித்து ஒரு பெண் எடுத்து என்ன செய்யுது ஐயா என்றாள். பெருசா ஒண்ணும் இல்லம்மா, கை கொஞ்சம் மரத்திருக்கு, மத்தவங்களப் பாத்துட்டு வா என்கிறார். அவளும் சரிங்க, திரும்பக் கூப்பிடுறோம் என்று வைத்துவிட்டாள். முக்கால் மணி நேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்திருக்கப் போய் அவர் விழுந்த பிறகுதான் தையல்காரர் ஓடிப்போய்க் கார் பிடித்துக்கொண்டு வந்தார். டாக்டர் முகத்திலடித்த மாதிரி சொன்னார், ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இந்தக் கை பிழைச்சிருக்கும்மா என்று. உன் அப்பாவைத் திட்டி என்ன பிரயோஜனம், ஒன்றை அழுத்த எனக்கும் விரல் இருந்ததே, மரம் மாதிரி ஏன் நின்றேன்?

அந்தப் பெண் மேல் கோபம், உன் மேலும் கோபம், நீயும் அங்கே ஆஸ்பத்திரிக்கு வருகிற போனை எடுக்கிற அதே மாதிரி நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறாய். உன் மேலதிகாரிகளிடம் சொல். நோவு கண்டவனிடமே போய் உனக்கு அவசரமா என்று கேட்டால், கூச்சமில்லாதவன் முந்திக்கொள்வான், உன் அப்பா மாதிரி ஆள் சுருண்டு விழுவான். ஒண்ணுமில்லம்மா என்று ஒரு கிழவர் சொன்னால் நம்பாதே. பக்கத்துல யாரு இருக்கா, அவங்ககிட்ட குடுங்க என்று கேள். நாக்கு குழறுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேள், அவர் சொல்லாததை அது சொல்லும்.

உன்னிடம் சொல்லப்போகிறேன் என்றதற்கு நேற்று என்ன சொன்னார் தெரியுமா? அவ லைன்ல எத்தனை பேரு காத்துக்கிட்டிருக்காங்களோ, தொந்தரவு பண்ணாத. பெற்ற மகளிடமும் பதினான்காவது ஆளாக நிற்கிறார். சொல்லிவிட்டு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இந்த முறை அவருக்குப் பதிலாக நான் ஒன்றை அழுத்துகிறேன், கிளம்பி வா.

உன் அம்மா