நைனாவுக்கு ஆகாத கருவாடு

நைனா,

இன்று சாயங்காலம் என் அடுப்பில் புடலங்காய்க் கூட்டு கொதித்த வாசனையில் நீ வந்து நின்றாய். என் மகள் அதைச் சோற்றிலிருந்து பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார். விடுங்கள், பிடிக்காவிட்டால் ரசம் ஊற்றிக்கொள்ளட்டும் என்றேன். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேனாம். இந்த வழக்கு எங்கள் வீட்டில் எப்போதோ தீர்ந்துவிட்டது, மறுபடி எடுக்க நான் தயாராக இல்லை என்று சொல்லிவிட்டு அவள் தட்டில் ரசத்தை ஊற்றினேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

எண்பதுகளில், ஆவடி குவார்ட்டர்ஸில், நம் வீட்டுப் பின்பக்கம் நீ போட்ட புடலம்பந்தலைப் பார்த்துப் பொறாமைப்படாதவர்கள் கிடையாது. காய் சுருண்டுவிடாமல் நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவாய். ஃபேக்டரியிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தியதும், எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் காய்களைத்தான் பார்ப்பாய். காய்க்கிற காலம் முழுக்க நம் வீட்டில் அதுதான். கூட்டு, பொரியல், மிஞ்சினால் சாம்பார். எனக்கோ அந்த வாசனை மூக்கில் ஏறினாலே குமட்டும்.

நீ, அம்மா, நான் மூன்று பேரும் சேர்ந்து உட்காருவது ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். அதற்கும் நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். "தட்டுல உழுந்தது வயித்துக்குள்ள போயே ஆவணும்." நீங்கள் இருவரும் கை கழுவிய பிறகும் நான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அழுதால் இன்னும் ஒரு கரண்டி விழும். அப்படியும் இறங்காவிட்டால், மூடி வைத்த அதே தட்டு காலையில் வரும். அப்போது உன்மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

நான் ஆறாவது படிக்கும்போது பழவேற்காட்டிலிருந்து அம்மாவின் தம்பி வந்திருந்தார். பேப்பரில் சுற்றி நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தார். அவர் கிளம்பியதும் அம்மா பொட்டலத்தைப் பிரித்து ஒரு தரம் முகர்ந்து பார்த்தாள். பிறகு அப்படியே மடித்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாய்வீட்டுக்குப் போனால் கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு வழித்துச் சாப்பிடுகிறவள் அவள். ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"உங்க நைனாவுக்கு அந்த நாத்தமே ஆவாது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த ஊட்ல கருவாடு ஆக்குனதில்ல" என்றாள், இன்றைக்குப் பால்காரர் வரவில்லை என்று சொல்கிற மாதிரி.

அன்று ராத்திரி மறுபடி புடலங்காய். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உன்னைப் பார்த்துக் கேட்டேன். "உனக்குப் புடிக்காதத இந்த ஊட்லயே ஆக்கறதில்ல. எனக்குப் புடிக்காதது மட்டும் ஏன் நைனா வயித்துக்குள்ள போவணும்? அம்மாவுக்குப் புடிச்சது ஏன் பக்கத்து ஊட்டுக்குப் போவணும்?"

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் தலை குனியவில்லை. அடிப்பாய் என்றுதான் நினைத்தேன். நீ சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டாய். அந்த வாரம் முழுக்க அம்மாதான் என்னைத் திட்டித் தீர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ மார்க்கெட்டிலிருந்து வந்தபோது, சைக்கிளில் தொங்கிய பையின் வாசனை உனக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்தது. கருவாடு. ஆக்கு என்று அம்மாவிடம் கொடுத்தாய். அவள் நம்பாமல் உன் முகத்தையே பார்த்தாள். பிறகு கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, நீயும் ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டாய். கண்ணில் நீர் முட்டியது. தண்ணீரைக் குடித்து அந்தக் கவளத்தை உள்ளே தள்ளினாய். இன்னொரு வாய் எடுத்தவன் அப்படியே தட்டில் வைத்துவிட்டாய்.

"என்னால ஆவலம்மா" என்றாய் என்னிடம். "இனிமே உனக்கும் வாணாம்னா வாணாம்." குழம்புச் சட்டியை அம்மா பக்கம் நகர்த்தினாய். அதற்குப் பிறகும் பந்தலை நீ விடவில்லை. என் பங்கையும் சேர்த்து நீயே தின்றாய்.

இதைக் கேட்கிறவர்கள் எல்லாம் உனக்கு எவ்வளவு பெரிய மனசு என்கிறார்கள். பெரிய மனசுதான். பெற்ற பிள்ளையிடம் தோற்றதை வாய்விட்டு ஒத்துக்கொண்ட அப்பா அந்த குவார்ட்டர்ஸில் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. அதற்காக உன்னை இன்றும் கொண்டாடுகிறேன். ஆனால் நைனா, அத்தனை வருஷம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். என்ன பிடிக்கும் என்று ஒரு நாளாவது அவளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ இருக்கும்போதே இதை உன் முகத்துக்கு நேராகச் சொன்னவள் நான். நீ இல்லை என்பதற்காக மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். நம் வீட்டில் அதற்கு முன் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு வாய் நீளம் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்த வாய்தான் அம்மாவுக்கு இன்னொரு கரண்டி சோறு வாங்கிக் கொடுத்தது. அதை நான் மூடுவதாக இல்லை, நைனா.