பதினேழாம் நம்பர் டோக்கன்

என் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, சாப்பிடுகிறேன், மாத்திரை போடுகிறேன், அவ்வளவுதான். போனில் சொல்ல வாய் வராமல்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஐந்தாவதோடு நின்றவள்தானே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூங்காவில் அன்றைக்குக் கேட்டைப் பூட்டிய சாயங்கால வாட்ச்மேன் மேல் நீ அனுப்பிய புகாரைத் திரும்ப வாங்கு. தப்பு அவருடையது இல்லை, என்னுடையது.

அப்பா தினமும் மூன்று மணிக்கு அந்த வனப்பூங்காவில் நடக்கப் போவது உனக்குத் தெரியும். போன் மணியடித்தால் பறவை பறந்துவிடும் என்று அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். அங்கே கேட்டில் ஒரு பலகை இருக்கிறது, நாற்பது ஆணி, நாற்பது டோக்கன். காட்டுப் பாதையில் நடப்பவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், திரும்பும்போது மாட்டிவிட வேண்டும். ஆறு மணிக்கு ஓர் ஆணி காலியாக இருந்தாலும் விசில் ஊதிக்கொண்டு தேடப் போவார்கள். அப்பா அங்கே விழுந்ததற்கு முந்தின நாள் பதினேழாம் நம்பரை மறந்துபோய்ச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தச் சாயங்கால வாட்ச்மேன் குளக்கரை வரை போய்த் தேடிவிட்டு வந்தாராம். மறுநாள் மத்தியானம் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. குழாய் ஒழுகுகிறது ஆளைக் கூப்பிடுங்கள் என்றால் மீன்கொத்தி குஞ்சு பொரித்திருக்கிறது என்கிறார், அப்படியானால் அதோடேயே குடும்பம் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். டீ குடிக்காமல் போனார். நாலு மணிக்குத் துவைக்க எடுத்த சட்டையில் அந்த டோக்கன். ஊர்ச் சொத்தை எடுத்து வைத்துக்கொண்டோம் என்று யாரும் பேசக் கூடாதே என்று ஈரக் கையோடு ஓடினேன். கேட்டில் ஆள் இல்லை, அது வாட்ச்மேன்கள் மாறுகிற நேரம். வெட்கத்தில் யாருக்கும் சொல்லாமல் ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர் வேறு டோக்கன் எடுத்துக்கொண்டுதான் போயிருப்பார் என்று நினைத்தேன் பாப்பா. ராத்திரி வராதபோதும் கோபித்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போயிருப்பார், எப்போதும் செய்வதுதானே என்று கதவைச் சாத்திவிட்டேன். ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. விழுந்த உடனே உயிர் போகவில்லை, சாயங்காலமே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தான் நீ புகார் எழுதினாய்.

போன வாரம் முதல் தடவையாக அங்கே போனேன். அவர் கிடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பகல் வாட்ச்மேன் கூட வந்தார். குளத்தைச் சுற்றிப் போகிற பாதை, பாசி பிடித்த பலகைப் பாலம், அதன் கீழேதான். அந்தப் பக்கம் ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்கிறது. அத்தனை பேர் பஸ்ஸில் போயிருக்கிறார்கள். ஓர் ஆமை கல்லில் ஏறி வெயில் காய்ந்துகொண்டு இருந்தது, அதைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. அங்கே வைத்துத்தான் அந்தப் பகல் வாட்ச்மேன் சொன்னார், பதினேழு என்னிடமே இருக்கிறது என்று சொல்லிவிட்டு அப்பா அன்றைக்கு வேறு டோக்கன் எடுக்காமலே உள்ளே போனாராம். பூட்டும்போது நாற்பதும் இருந்தது என்று சாயங்கால வாட்ச்மேன் சத்தியம் செய்கிறார், ஆபீசில் நம்பவில்லை. காலையில் பிணத்தைத் தூக்க வந்தபோது அதன் பையில் கைவிட்டு டோக்கனை எடுத்து மாட்டியிருக்கிறார் என்று பேசுகிறார்களாம். வேலைக்கு வராதே என்று நிறுத்திவைத்துவிட்டார்கள். நான் கொண்டுபோய் மாட்டியதால்தான் பலகை நிறைந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. ஆனாலும் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன். நாலு நாள் அப்படியே இருந்தேன். நீ என்ன நினைப்பாய் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை.

நேற்று சாயங்கால வாட்ச்மேன் வீட்டைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் பெண்சாதி என்னை விடவில்லை. உங்கள் மகள் எழுதிய ஒரு காகிதத்தால் பிணத்தைத் தொட்டுத் திருடினவன் பெண்டாட்டி என்ற பேர் எனக்கு, குழாயடிக்குப் போக முடியவில்லை என்று பிடித்துக்கொண்டாள். அந்த மனிதர் மட்டும் ஒரு சொல் ஏசவில்லை. "நாப்பதும் இருந்துச்சுல்லம்மா? எனக்கே என் கண்ணு மேல சந்தேகம் வந்துடுச்சு" என்றார். அதற்குப் பிறகு என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை விசாரணை. நான் போய் எல்லார் முன்னாலும் சொல்லப் போகிறேன். அதை நீ அடுத்தவர் வாயால் கேட்கக் கூடாது. எழுத்தில் கொடுத்ததை எழுத்தில்தான் திரும்ப வாங்க வேண்டுமாம், அதற்கு உன் கையெழுத்து வேண்டும். என்னை ஏசு, அதற்கு நாள் நிறைய இருக்கிறது. அந்த மனிதரை விட்டுவிடு.

சின்னவனுக்கு இருமல் என்றாயே, தலையை ஈரமாக விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் எல்லாரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பேசத் தோன்றினால் கூப்பிடு. தோன்றாவிட்டால் பரவாயில்லை, அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிடு.

இப்படிக்கு,
அம்மா