பொந்துக்கு நேராக ஒரு குழாய்

மாசி, திங்கள்

காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். வெளியில் சொன்னால் வெட்கம்: தண்ணீர்ப்பாம்பைப் பார்த்துக் கலவைச் சட்டியைப் போட்டுவிட்டு கான்கிரீட் மிக்சர் மேல் ஏறிவிட்டேன். இறங்கத் தெரியவில்லை. இவர்தான் இறக்கினார். "கொத்தனார் பொண்டாட்டிக்கு இம்புட்டு ஒசரம் போதுமா?" என்று கேலி வேறு.

வண்டியூர்ப் பக்கம் வைகைக்குச் சுவர். அக்கரை முடிந்தது. இக்கரையில் ஒரு துண்டு பாக்கி. எங்கள் தகரக் கொட்டகை ஆற்றுக்குள்ளேயே. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் நாங்கள். மகள் பக்கத்தில் ஒத்தக்கடையில்தான், போய்ப் பார்க்க முடியாது. வேலை முடியாமல் மேஸ்திரி விடமாட்டார்.

செவ்வாய்

ரூபி டீச்சர் வந்தார். காலேஜில் பாடம், இங்கே பாம்பு எண்ணுவது. கூண்டு வைத்துப் பிடித்து, எண்ணி, விட்டுவிடுவார். இன்றும் கூண்டு காலி.

"பரீச்ச வைப்பீகன்னு ஓடிருச்சு டீச்சர்."

சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "வருசா வருசம் கொறையுதுக்கா. சுவத்துல ஏற முடியல. முட்டையிட மண்கரை வேணும். இந்தத் துண்டுதான் மிச்சம்."

பொந்தைக் காட்டினார். நேற்று என்னை மிக்சரில் ஏற்றிய அம்மாள்தான். முட்டைகளைச் சுற்றிப் படுத்திருக்கிறாள். விஷமில்லையாம். நாளை அங்கே கான்கிரீட்.

"வேற எடத்துல வச்சா?"

"முட்டை புரண்டா கெட்டுரும்க்கா."

வழியில்லாமல் அடைந்து கிடப்பது எனக்குத் தெரியாததா? எனக்கு மேலே தகரம் வேறு.

புதன்

கான்கிரீட்டுக்குப் பலகை அடித்தாயிற்று. இவரிடம் கேட்டேன்.

"தண்ணி வடியக் குழா வைக்கிறீகள்ல? ஒண்ணப் பொந்துக்கு நேரா வைங்க."

"அடியே, பாம்புக்கு வாசக்கால் வைக்கவா வந்தேன்?"

"எனக்குத்தான் வைக்கல. அதுக்காச்சும் வைங்க."

மேஸ்திரி டீக்குப் போன நேரம், நாலு இஞ்சுக் குழாய் வைத்தார். கான்கிரீட் போட்டாயிற்று.

வியாழன்

மேகமூட்டம். பலகை பிரித்தோம். குழாய் வாயில் சிமெண்டுச் சாக்கு! கலவை உள்ளே போகாமலிருக்க எல்லாக் குழாயையும் அடைப்பதுதான். கைப்பழக்கம், இதையும் அடைத்திருக்கிறார்.

"மறந்துட்டேன்டி." முகம் செத்துவிட்டது மனுஷனுக்கு.

இழுத்தேன். பாதி கிழிந்து வந்தது. மீதிக்கு முழங்கை வரை விட்டேன். சாக்கு அகப்பட்டது. கை வரவில்லை, வளையல் உள்முனையில் மாட்டிக்கொண்டது. டீச்சர் சோப்பு தேடி ஓடினார். அதற்குள் உள்ளிருந்து ஒரு கடி. உயிரோடு இருக்கிறது என்று டீச்சருக்குச் சந்தோஷம்.

துணி சோப்புதான் கிடைத்தது. கை வந்தது, சாக்கும் வந்தது. டீச்சர் டார்ச் அடித்துப் பார்த்தார். முட்டைகள் பத்திரம். வளையல் உள்ளே. அதன் மேல் அம்மாள் படுத்திருக்கிறாள்.