துடைத்த கரி

இன்று காலை, தூசி ஒற்றும் ரப்பர் பஞ்சுப் பொதி ஒன்றைப் பிரித்தேன். அந்தப் புது ரப்பர் மணம் மூக்கில் ஏறியதுமே உம்முடைய நினைவு வந்தது. இந்த ஜெர்மன் அருங்காட்சியகக் கிடங்கில் நீரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பழைய படத்தாள்களைத் துப்புரவாக்கிய அதே வகைப் பஞ்சு. நீர் செத்துப்போய் இரண்டு மாதமாகிறது. என்னுடைய பயம் மட்டும் போகவில்லை.

அந்தத் தாளை நீர் மறந்திருக்கமாட்டீர். எகிப்தியக் கல்லறைச் சுவர் ஒன்றின் முன்னால் குந்தியிருந்து, அதிலிருந்த ஓவியத்தை யாரோ ஒரு ஓவியர் அந்தக் காலத்தில் பார்த்துத் தீட்டிய பிரதி. கைகளைத் தலைக்கு மேலே தூக்கி அழும் பெண்கள், வரிசையாக. அவர்களின் விரல்களுக்கு மேலே ஒரு கருமை. தூசி என்று நினைத்து நாலு தரம் ஒற்றி எடுத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. பெருமையோடு உம்மைக் கூப்பிட்டேன். நீர் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் குந்திவிட்டீர்.

“அது தூசியில்லையப்பா. சுவரில விளக்குக் கரி பிடிச்சிருந்தது. அந்த மனுசன் கரியையும் சேத்தெல்லோ கீறினவர்.”

வெடிப்பு, கறை, உதிர்ந்த இடம் எல்லாவற்றையும் உள்ளபடி தீட்டுவதுதான் பிரதி எடுக்கும் ஓவியர்களின் வழக்கமாம். எனக்கு எங்கே தெரியும்? வெள்ளிக்கிழமைதோறும் சாமிப்படத்தில் விளக்குக் கரி துடைத்துப் பழகிய கை. கரியைக் கண்டால் சும்மா இருக்குமா?

“போய்ச் சொல்லுவமா?” என்றேன்.

“வாயைத் திறவாதையும். உமக்குக் கொன்ட்ராக்ட் நீட்டுற மாதம். நான் பாத்துக்கொள்ளுறன்.”

மூடி மறைத்துவிடுவீர் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

போன கிழமை எங்கள் பொறுப்பாளர், அந்தத் தாளைப் பார்க்க ஒரு ஆய்வாளருக்கு நாள் குறித்து டெர்மின் கொடுத்திருப்பதாகச் சொன்னார். எகிப்தில் அந்தச் சுவர் இப்போது உதிர்ந்துபோயிற்றாம். கரி எங்கே இருந்தது என்பதற்கு இந்தத் தாள் மட்டும்தான் சாட்சியாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு இடியே இடித்தது.

நேற்று பொறுப்பாளர் தாளின் குறிப்பேட்டை என் முன்னாலேயே திறந்தார். உம்முடைய கையெழுத்து. கரி அழிந்த இடம், அதன் அளவு, திகதி. கீழே ‘என் தவறு’ என்று எழுதி ஒப்பமிட்டிருந்தீர்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதிதான். தப்பினேன் என்று மூச்சு விட்டேன். அதற்குள் பொறுப்பாளர் தலையை ஆட்டி, “அவரைக் கவனமான ஆள் என்று நம்பியிருந்தேன்” என்று ஜெர்மனில் சொன்னார். கையுறை போடாமல் ஒரு தாளைத் தொட்டறியாத உம்மை.

“அவர் இல்லை. நான்தான்” என்றேன். அவர் பேனையை நீட்டினார். உம்முடைய ஒப்பத்துக்குக் கீழே நடந்ததை எழுதி என் பெயரைப் போட்டேன். திங்கட்கிழமை என்னை மேலிடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை இருக்குமோ தெரியாது. இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உமக்குச் சொல்ல வேண்டும். உம்முடைய செத்தவீட்டில் நான் அழவில்லை. விசயம் தெரிந்த ஒரே ஆளும் போய்விட்டார் என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதல். அப்படி நினைத்த என்னைக் கண்டு எனக்கே பயம் வந்தது. நேற்று வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதுதான் முதல்முறையாக உமக்காக அழுதேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரி கடதாசிக் கைக்குட்டை ஒன்றை நீட்டினார். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். அந்த அழுகை இன்னும் நிற்கவில்லை.