தடுத்து வைத்த ரிப்போர்ட்

உன் கம்ப்யூட்டரில் இப்போது நான்தான் உட்கார்கிறேன். இன்று காலை மெயில் பாதுகாப்புப் பெட்டியின் முகவரியை பிரவுசரில் அடித்தேன். 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கையைத் தாண்டியதும் லாகின் பக்கம் வந்தது. பெயர்க் கட்டத்தில் உன் பெயர் தானாகவே வந்து நின்றது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த எச்சரிக்கையைப் பார்த்து நான் கையை எடுத்துவிட்டேன். "நம்ம ஆபீஸ் பொட்டிதான்பா. சர்டிபிகேட் நாமளே போட்டது, அதான் கத்திக்கினு இருக்குது. உள்ள போ" என்றாய். பட்டுப்புடவை ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நாம் இரண்டு பேர்தான். வெளியிலிருந்து வரும் மெயில் எல்லாம் அந்தப் பெட்டியைக் கடந்துதான் வரும். சந்தேகமானதை அது பிடித்து வைக்கும். குவாரண்டைன் பக்கத்தைத் திறந்து, எதை விடுவது, எதை அழிப்பது என்று ஒரு நாள் நீ, ஒரு நாள் நான், அன்றன்று வந்ததைப் பார்ப்போம். சமணர் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமென்று ஐந்தரைக்கே நீ டிபன் பாக்ஸைத் திறப்பாய். பாதி எனக்கு வந்துவிடும்.

வைரஸோடு ஒரு போலி மெயில் வந்த பிறகு, பாஸ்வேர்டு போட்ட இணைப்புக் கோப்புகள் வரும் மெயில் எல்லாவற்றையும் பிடித்து வைக்கும்படி விதி எழுதியது நான்.

மார்பில் கட்டி என்று சென்னையில் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தாய். வீட்டில் உன் போன் பாதி நேரம் மகள் கையில். அவளுக்கோ பிளஸ் டூ பரீட்சை. அதனால் ரிப்போர்ட்டை ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பச் சொன்னாய். நான் கேட்கும்போதெல்லாம், "இன்னும் வரலபா, லேப்ல லேட் பண்றாங்க" என்றாய். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள்தான் டாக்டரிடம் போனாய். அதற்குள் ஈரல்வரை பரவியிருந்தது. ஆடியில் எல்லாம் முடிந்தது.

உன் சாமான்களை எடுக்க வந்த உன் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "உங்க பொட்டி ரிப்போர்ட்ட புடிச்சி வச்சிக்கினு இருந்துதாம்மா. அவளே சொன்னா. அது மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா..."

அவர் போனதும், எந்த மெயில் எப்போது வந்தது என்று காட்டும் மெசேஜ் டிராக்கிங்கில் தேடினேன். தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மெயில் வந்திருந்தது. லேப் ரிப்போர்ட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்ததால் என் விதி அதைப் பிடித்திருந்தது. யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவையும் பார்த்தேன். அன்றே மதியம் மூன்று பத்துக்கு, உன் பெயரில், அந்த மெயில் திறக்கப்பட்டு ரிப்போர்ட் இறக்கப்பட்டிருந்தது. மெயிலை நீ விடுவிக்கவில்லை. அங்கேயே கிடக்க விட்டாய். முப்பது நாளில் அது தானாக அழிந்துபோனது.

மூன்று பத்துக்கு நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்திருப்பேன்.

கோபம் வந்தது. மறைத்தாய், சரி. பழியை ஏன் என் விதியின்மேல் போட்டாய்? உண்மை தெரிந்தால் மகள் தன் பரீட்சையைத்தான் காரணமாக நினைப்பாள் என்று பயந்தாயோ என்னவோ. அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். காலேஜில் சேர்ந்துவிட்டாள். உட்கார்ந்ததுமே கேட்டாள்: "ஆன்ட்டி, அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சிக்கினேதான் என்னை டெய்லி பரீட்சைக்கு கொண்டுபோயி வுட்டாங்களா?"

"இல்லமா. ரிப்போர்ட்டு எங்க பொட்டியில மாட்டிக்கிச்சு. நான் போட்ட ரூல்தான்" என்றேன்.

கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வாரம் ஒருமுறை போன் செய்துகொண்டிருந்தவள், இந்த வாரம் செய்யவில்லை.