சாங்ஷன் ஆயிடுச்சு

செவ்வாய், இரவு

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். ஈரானுக்குப் போகும் பம்புகளைப் பற்றி வங்கி அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தில் 'சாங்ஷன்' என்ற சொல் இருந்தது. அதைப் பார்த்ததுமே, அனுமதி கிடைத்துவிட்டது என்று முதலாளியின் மருமகன் பம்புகளை லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டான். எனக்கு வரவேண்டிய மேனேஜர் பதவியைப் பிடித்தவன்.

"இன்னா சார், மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற? சாங்ஷன் ஆயிடுச்சு, லட்டு துன்னு," என்றார் ஸ்டோர்கீப்பர் தணிகாசலம்.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். பம்பு கேட்ட நிறுவனத்தின் மீது வெளிநாடுகளின் பொருளாதாரத் தடை இருக்கிறதாம். லோன் கிடைத்தால் நாம் சொல்லும் அதே சொல், அங்கே தண்டனை. சரக்கு கப்பலேறினால் எங்கள் கம்பெனிக்கும் தடை வரலாம். மருமகன் தொலைவான். தணிகாசலமும் தெருவுக்கு வருவார்.

கால் மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. இனிமையாகத்தான் இருந்தது. பிறகு டிரைவரை போனில் பிடித்து, லாரியை வழியில் புதுவாயலிலேயே நிறுத்தச் சொன்னேன்.

விஷயத்தைச் சொன்னதும் மருமகன் கடிதத்தை வாங்கி மறுபடி படித்தான். "அப்போ லோன் லெட்டர்ல சாங்ஷன்னு போட்டா இன்னா சார் அர்த்தம்?" என்றான்.

வீட்டுக்கு வந்து அகராதியைத் திறந்தேன். இரண்டு பொருளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. அனுமதிப்பவனும் தடுப்பவனும் ஒரே ஆள் என்பதாலோ என்னவோ.