மூன்றாம் எண் கிணறு

ஜனவரி 8, 2024
லைசென்ஸ் புதுப்பித்து வந்துவிட்டது. மேலே மலையடிவாரத்தில் ஆற்றை வைத்து கம்பெனி மின்சாரம் எடுக்கிறது. ஆறு கடலில் சேரும் இந்தக் கடைசி ஊரில் கம்பெனி சார்பில் லைசென்ஸ் நிபந்தனைகளைப் பார்ப்பது நான் ஒருத்திதான். நாலாக இருந்தது பதினொன்றாகியிருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் குறைந்தால் கடல் உப்பு கிணறுகளுக்குள் ஏறிவிடும்; அதனால் கடைசி நிபந்தனை: ஆறு கிணறுகளில் மாதாமாதம் உப்பு அளக்க வேண்டும். சராசரி லிட்டருக்கு இரண்டாயிரம் மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

பிப்ரவரி 5
மூன்றாம் எண் கிணறு ஹாஃபிஸா அக்கா வீட்டில். புருஷன் சவுதியில், இரண்டு பெண் பிள்ளைகளோடு இருக்கிறார். மீட்டர் 2900 காட்டியது.
"கூடவா, கொறையவா?"
கூட என்றேன்.
"அப்ப தண்ணி தெறந்து விடுவாகளா?"
எழுதுகிறேன் என்றேன். டீ கொடுத்தார். கரித்தது.

மார்ச் 11
அதே கிணறு, 3400. கூடுதலாகத் தண்ணீர் விடக் கேட்டு எழுதியிருந்தேனே, மேனேஜர் தர்மராஜ் சார் போன் செய்தார். "விட வேண்டியதை விட்டுக்கிட்டுத்தான் இருக்கோம் துர்கா. நடுவுல யார் எடுக்குறான்னு நாம பாக்க முடியுமா?"
நியாயம்தான். நியாயமா?

ஏப்ரல் 2
லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கும் எழுதினேன். பதில் வந்திருக்கிறது. ஆறு கிணறு போதாதாம், பதினெட்டு. கூடவே மீன் கணக்கெடுப்பு, மரக்கன்று, மாதம் ஒரு மக்கள் கூட்டம். தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. நானே தேடிக்கொண்ட வினை.

ஏப்ரல் 20
முதல் கூட்டம். ஒன்பது பேர். ஹாஃபிஸா அக்கா எழுந்து, "அளக்க மட்டும் வாரீகளே தங்கச்சி, ஒரு நா தண்ணியோட வாங்களேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மே 6
பதினெட்டின் சராசரி 2310. அக்கா கதவைத் திறக்கவில்லை. கொல்லைப் பக்கமாகப் போய் நானே இறைத்து அளந்தேன், திருடி மாதிரி. நான் என்ன செய்ய? என் கையில மதகா இருக்கு? மீட்டர்தானே இருக்கு!

மே 9
ஊருக்கு ஒரு டேங்கர் லாரியாவது அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். தர்மராஜ் சார்: "நிபந்தனையில இல்லாததைச் செஞ்சா, அடுத்த வருஷம் அதுவும் நிபந்தனையாயிரும்மா."

ஜூன் 3
அக்கா வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு தாஹா அண்ணன் சொன்னார்: "பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுத் தொண்டிக்குப் போயிட்டாக. அங்கன நல்ல தண்ணியாம்." கிணற்றைத் தென்னை மட்டை போட்டு மூடியிருந்தார்கள். படிவத்தில் 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதினேன். வேறு எழுத இடமில்லை.

ஜூன் 14
இன்னும் மூன்று வீடுகளில் கிணற்றை மூடிவிட்டார்கள்.

ஜூன் 28
மூடிய கிணறுகள் கணக்கில் சேராது. மீதியின் சராசரி 1941. பதினொன்றாம் நிபந்தனை நிறைவேறியது என்று லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கீழே என் பெயரைப் போட்டுப் பாராட்டு.
திங்கட்கிழமை அளக்கப் பதினாலு கிணறுதான்.